தினசரி ஊசியா, ஒற்றை ஊசியா? கீமோவுக்குப் பின் வெள்ளை அணுக்களைக் காக்கும் இரு மருந்துகள்

மார்பகப் புற்றுநோய்க்காக என் பெரியம்மாவுக்குச் சென்னையில் முதல் கீமோ ஏற்றிய அன்று, மருத்துவர் சீட்டில் இரண்டு வரிகள் எழுதி, இரண்டில் ஒன்றை நாளையிலிருந்து போட்டுக்கொள்ளுங்கள் என்றார். முதல் வரியில் ஃபில்கிராஸ்டிம் 300 மைக்ரோகிராம், தினமும் ஒன்று என்றிருந்தது. இரண்டாவது வரியில் பெக்ஃபில்கிராஸ்டிம் 6 மில்லிகிராம், ஒரே ஒரு முறை என்றிருந்தது. மருந்துக்கடையில் விசாரித்தபோது ஒற்றை ஊசியின் விலை தினசரி ஊசியைவிடப் பல மடங்காக இருந்ததால், மறுயோசனை இல்லாமல் மலிவானதை வாங்கிக்கொண்டு விழுப்புரத்துக்குப் பேருந்து ஏறினோம். அந்த முடிவு எங்கே தவறியது என்பதைப் பின்னர் தெரிந்துகொண்டேன்; இதே சீட்டோடு கடை வாசலில் நிற்பவர்களுக்கு அது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

கவுண்ட் ஏற்றும் ஊசி என்று வார்டில் எல்லோரும் சொல்லும் இந்த இரண்டுமே அடிப்படையில் ஒரே மருந்துதான். நம் உடலே சுரக்கும் ஜி-சிஎஸ்எஃப் என்ற புரதம் எலும்பு மஜ்ஜையைத் தூண்டி, கிருமிகளை முதலில் எதிர்கொள்ளும் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்களைப் பெருகச் செய்கிறது. 1986-ல் அமெரிக்காவின் ஆம்ஜென் நிறுவனத்து ஆய்வாளர்கள் அந்தப் புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்து, ஈ.கோலை பாக்டீரியாவைக் கொண்டே அதை உற்பத்தி செய்ய வழி கண்டார்கள். 1991-ல் அது ஃபில்கிராஸ்டிம் என்ற பெயரில் அந்நாட்டில் அனுமதி பெற்றது. சிறிய புரதம் என்பதால் சிறுநீரகம் அதை விரைவில் வடித்து வெளியேற்றிவிடுகிறது. சுமார் மூன்றரை மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். தினமும் குத்த வேண்டியிருப்பது அதனால்தான்.

2002-ல் அனுமதி பெற்ற பெக்ஃபில்கிராஸ்டிம், அதே புரதத்தோடு பாலிஎத்திலீன் கிளைகால் என்ற நீண்ட சங்கிலியை இணைத்துச் செய்தது. மூலக்கூறு ஏறக்குறைய இரு மடங்கு பெரிதாகிவிடுவதால் சிறுநீரகத்தால் அதை எளிதில் வடிக்க முடிவதில்லை. அப்படியானால் அது எப்படித்தான் வெளியேறும் என்று கேட்டால், நியூட்ரோபில்களே அதைப் பிடித்து அழிக்கின்றன. அணுக்கள் குறைந்திருக்கும்வரை மருந்து இரத்தத்தில் தங்கி வேலை செய்கிறது. அணுக்கள் மீண்டு பெருகியதும் அவையே மருந்தைத் தீர்த்துவிடுகின்றன. தினசரி அளவைப் போல 20 மடங்கை ஒரே நாளில் செலுத்தியும் அது கட்டுமீறிப் போகாமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடே காரணம். எப்போது நிறுத்துவது என்ற கேள்வியை நோயாளியிடமோ குடும்பத்தாரிடமோ விடாமல் உடலே தீர்த்துக்கொள்கிறது என்பதுதான், என் பார்வையில், இந்த ஊசியின் மிகப் பெரிய பலம்.

பலனில் எது மேல் என்பதை ஆராய்ந்த ஆரம்பகாலப் பரிசோதனைகளில், ஒரு தரப்பினருக்கு ஒற்றை ஊசியும் மறு தரப்பினருக்கு அணுக்கள் மீளும்வரை, அதிகபட்சம் 14 நாட்கள், தினசரி ஊசியும் கொடுக்கப்பட்டன. நியூட்ரோபில்கள் மிகக் கடுமையாகக் குறைந்திருந்த காலம் இரு தரப்பிலும் சராசரியாக இரண்டு நாட்களுக்குக் குறைவாகவே, கிட்டத்தட்ட ஒரே அளவாக இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, தினசரி ஊசி பெற்றவர்கள் சராசரியாக 10 அல்லது 11 ஊசிகள் போட்டுக்கொண்டார்கள் என்பதே. ஆகவே ஓர் ஊசியின் விலையை இன்னோர் ஊசியின் விலையோடு வைத்துப் பார்ப்பது சரியான கணக்கு அல்ல. மருத்துவர் எழுதிய எல்லா நாட்களுக்குமான ஊசிகள், ஒவ்வொரு முறையும் குத்துக் கூலி, ஆட்டோ, இடையிடையே இரத்தப் பரிசோதனை, துணைக்கு வருபவரின் நாட்கூலி இழப்பு ஆகிய அனைத்தையும் கூட்டிப் பார்த்தால் இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடும். ஐந்து நாட்கள் தினசரி ஊசியே போதுமா என்று ஆராய்ந்து 2020-ல் வெளியான கனடிய ஆய்வொன்று, ஏழு அல்லது பத்து நாட்களைவிட அது மோசமில்லை என்று கண்டது. ஆனால் அது எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிப்பது என்று மருத்துவர் வகுத்துத் தர வேண்டிய ஐந்து நாட்கள். நாமாகக் குறைத்துக்கொள்ளும் ஐந்து நாட்கள் அல்ல.

எங்கள் தவறு அங்கேதான் நடந்தது. மூன்று ஊசிகள் போட்ட பின் உள்ளூரில் இரத்தம் பார்த்தபோது மொத்த வெள்ளை அணுக்கள் 14,200 என்றும், அதில் நியூட்ரோபில் 82 சதவீதம் என்றும் வந்தது. கவுண்ட் நன்றாக ஏறிவிட்டது, இனித் தேவையில்லை என்று ஊசி போட்டுவந்த இடத்தில் சொன்னார்கள். எங்களுக்கும் செலவு மிச்சம் என்று நிறுத்திவிட்டோம். பதினோராம் நாள் காய்ச்சலோடு மருத்துவமனைக்கு ஓடியபோது மொத்த அணுக்கள் 1,100, நியூட்ரோபில் 30 சதவீதம். இரண்டையும் பெருக்கி நூறால் வகுத்தால் நியூட்ரோபில்களின் எண்ணிக்கை 330 என்று வரும். 500-க்குக் கீழே போனால் கடும் ஆபத்து என்று கொள்ளப்படும் எண் அதுதான். ஃபில்கிராஸ்டிம் தொடங்கிய ஓரிரு நாட்களில் அணுக்கள் சட்டென்று உயர்வது இந்த மருந்தின் இயல்பு. கீமோவின் தாக்கத்தால் வரும் உண்மையான சரிவோ அதற்குப் பிறகு, பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில்தான் வருகிறது. அந்தப் பள்ளத்தைக் கடந்த பின் உயரும் எண்ணைப் பார்த்துத்தான் ஊசியை நிறுத்த வேண்டும். பெரியம்மா ஒன்பது நாட்கள் தனியறையில் இருந்த செலவில், மீதமிருந்த கீமோ சுற்றுகள் அனைத்துக்கும் ஒற்றை ஊசி வாங்கியிருக்கலாம்.

இப்படிச் சொல்வதால் ஒற்றை ஊசியே எப்போதும் சிறந்தது என்று ஆகிவிடாது. அடுத்த கீமோவுக்கு முன் ஏறத்தாழ 14 நாட்கள் இடைவெளி வேண்டும் என்பதால், வாராவாரம் ஏற்றும் முறைகளுக்கு அது பொருந்தாது. நான்கு சுற்றுகளுக்குப் பின் பெரியம்மாவுக்கு பாக்ளிடாக்சல் என்ற கீமோ மருந்து வாராவாரம் தொடங்கியபோது, தேவைப்பட்ட ஓரிரு வாரங்களில் தினசரி ஊசியே மீண்டும் கைகொடுத்தது. 45 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளுக்கு 6 மில்லிகிராம் முழு அளவு கூடாது. கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் என்று எடைக்கேற்ப அளந்து கொடுக்க தினசரி ஊசியே வசதி. ஒவ்வாமையோ வேறு தொந்தரவோ வந்தால் மறுநாளே நிறுத்திவிட முடிவதும் அதன் பக்கம் உள்ள நியாயம். ஒற்றை ஊசியைப் போட்ட பின் திரும்ப எடுக்க வழியில்லை.

இரண்டுக்கும் பொதுவான விதி, கீமோ முடிந்து குறைந்தது 24 மணி நேரம் கழித்தே போட வேண்டும் என்பது. வெளியூர்க்காரர்களுக்குப் பெரிய சங்கடம் இதுதான். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் அன்றே போட்டுவிடுங்கள் என்று கேட்கத் தோன்றும். ஆனால் கீமோ மருந்து உடலில் இருக்கும்போது புதிய அணுக்களைப் பிரிந்து பெருகச் சொல்வது, அவற்றை அந்த மருந்துக்கே இரையாக்குவதாகும். நாங்கள் இரண்டாவது சுற்றிலிருந்து ஒற்றை ஊசியை வாங்கி, பனிக்கட்டிப் பொட்டலத்தைத் துணியில் சுற்றி வைத்த பிளாஸ்கில் எடுத்துச் சென்று, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில் வைத்து, மறுநாள் மாலை தெருமுனை செவிலியரைக் கொண்டு போட்டுக்கொண்டோம். 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிர் போதும். பனிக்கட்டியில் நேரடியாகப் பட்டு உறைந்துவிடக் கூடாது, குலுக்கவும் கூடாது.

எந்த நிறுவனத்தின் ஊசி என்ற கேள்விக்கு அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. கிராஃபீல், நியூகைன் போன்ற இந்தியத் தயாரிப்புகள் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளன. பெக்ஃபில்கிராஸ்டிமின் முதல் பயோசிமிலராக, அதாவது மூல மருந்தை ஒத்த வேறு நிறுவனத் தயாரிப்பாக, 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபுல்ஃபிலா, பெங்களூரின் பயோகான் நிறுவனம் மைலானுடன் சேர்ந்து உருவாக்கியது. குளிர் குறையாமல் சேமித்துத் தரும் கடையா என்பதை உறுதி செய்துகொள்வதே முக்கியம்.

மூன்றாவது போட்டியாளர் ஒன்றும் எல்லா வீடுகளிலும் உண்டு. பெரியம்மாவைப் பார்க்க வந்தவர்கள் சுவரொட்டி என்னும் ஆட்டு மண்ணீரலும் மாதுளையும் பப்பாளி இலைச் சாறும் கொண்டுவந்தார்கள். அவர்கள் அன்பில் குறையில்லை. ஆனால் இரும்புச்சத்து சிவப்பணுக்களுக்கு உதவுவது; கீமோவால் அடங்கிய மஜ்ஜையிலிருந்து நியூட்ரோபில்களை எழுப்ப எந்த உணவாலும் இயலாது. சரியாக வேகாத இறைச்சியும் காய்ச்சாத சாறும் அந்த நாட்களில் கிருமிக்கு வழிவிடும்.

பக்கவிளைவில் இரண்டு ஊசிகளும் ஒன்றுதான். மஜ்ஜை வேகமாக வேலை செய்யும்போது இடுப்பும் முதுகும் நெஞ்செலும்பும் வலிக்கும். பெரியம்மா அதை, எலும்புக்குள் யாரோ உலக்கை போடுவதுபோல் இருக்கிறது என்றார். நாப்ராக்சென் என்ற வலி மாத்திரை இந்த வலியைக் குறைப்பதாக ஆய்வு உண்டென்றாலும், சிறுநீரகத்தையும் தட்டணுக்களையும் பார்த்து மருத்துவர்தான் அதைத் தர வேண்டும். இடது விலாவின் கீழே கடும் வலி வந்தால் மண்ணீரலைப் பார்க்க உடனே போக வேண்டும். அரிதானாலும் ஆபத்தானது அது. சாதாரண எலும்பு வலிக்குப் பாராசிட்டமால் போடுபவர்கள், மாத்திரையை வாயில் போடும் முன் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் அந்த மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும். 101 டிகிரி ஒரு முறை காட்டினாலோ, 100.4 ஒரு மணி நேரம் நீடித்தாலோ, எந்த ஊசி போட்டிருந்தாலும், நடு இரவாக இருந்தாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டியதுதான்.