குரோமைத் தேட எந்த வழி: பாத்தா, ரெஜிஸ்ட்ரியா?

மஸ்கெலியாவில் ஒரு டியூசன் வகுப்புக்குப் பைதானில் சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகளின் புள்ளிகளை வைத்து, பின்னணியில் குரோமை ஓட்டி பிடிஎஃப் எடுக்கும். குரோமின் எக்ஸி ஃபைல் இருக்கும் இடத்தை அப்படியே கோடில் எழுதிவிட்டேன். என் மெஷினில் ஓடியது. அங்கேயோ அட்மின் அனுமதி இல்லாமல் குரோம் போட்டிருந்தார்கள். அது யூசருடைய ஆப்டேட்டா போல்டருக்குள் போய் உட்கார்ந்திருந்தது. "தம்பி, ரிப்போர்ட் வரமாட்டேங்குது" என்று சேர் போன் எடுத்தார். ஹட்டனில் பஸ் ஏறி, நோர்வூட் தாண்டி, மழையில் போய் மாற்றியது ஒரே வரி.

சரி, புரோகிராமே தேடிக்கொள்ளட்டும் என்று பார்த்தேன். டிஸ்க் முழுவதும் துழாவுவது பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஆகாத வேலை.

பைதானோடே வரும் ஷட்டில் (shutil) மாடியூலின் விச் (which) ஃபங்ஷன், ஒரு புரோகிராமின் பெயரைக் கொடுத்தால் அது இருக்கும் இடத்தைச் சொல்லும்; பைதான் 3.3 முதல் இருக்கிறது. ஒரே வரி. விண்டோஸில் எக்ஸி என்ற வாலையும் தானே ஒட்டிப் பார்க்கும். கிட் (git), பைதான் மாதிரி கமாண்ட் லைன் சாமான்களுக்கு இது போதும். ஆனால் அது தேடுவது பாத்தில் (PATH, கமாண்டுகளைத் தேட வேண்டிய போல்டர்களின் பட்டியல்) உள்ள போல்டர்களிலும், விண்டோஸில் பொதுவாக நாம் நிற்கும் போல்டரிலும்தான். குரோம் இன்ஸ்டாலர் பாத்தைத் தொடுவதே இல்லை.

ஒரு சோதனை செய்து பாருங்கள். கமாண்ட் பிராம்ப்டில் குரோம் என்று அடித்தால் தெரியாது என்கும். ரன் பெட்டியில் அதையே அடித்தால் திறக்கும். ரன் பெட்டி ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் செட்டிங்ஸைச் சேர்த்து வைக்கும் இடத்தில், ஆப் பாத்ஸ் (App Paths) என்ற பகுதியையும் பார்ப்பதுதான் காரணம். பைதானின் வின்ரெக் (winreg) மாடியூலால் நாமும் அங்கேயே கேட்கலாம். முதலில் கரண்ட் யூசர் (அந்த யூசருக்கு மட்டும் உள்ள பகுதி), அப்புறம் லோக்கல் மெஷின் (மெஷினில் எல்லாருக்கும் உள்ள பகுதி), இரண்டையும் பார்க்க வேண்டும். நான் பஸ் ஏறியதே முதலாவதை யோசிக்காததால்தான். வரும் முகவரியில் சிலவேளை மேற்கோள் குறி ஒட்டியிருக்கும், அதை உரித்துவிடுங்கள். போல்டரைக் கையால் அழித்தவர்கள் மெஷினில் ரெஜிஸ்ட்ரிப் பதிவு மட்டும் மிஞ்சி நிற்கும், அதனால் ஃபைல் உண்மையில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மொத்தம் பதினைந்து வரி வரும். விச்சை விட நீளம்தான், ஆனால் குரோமை எங்கே போட்டிருந்தாலும் நான் மலை ஏற வேண்டியதில்லை. அதன்பிறகு அங்கே போனது ஒரு தடவை, அதுவும் பிரிண்டரில் பேப்பர் சிக்கியதற்கு.

லினக்ஸில் ரெஜிஸ்ட்ரி கிடையாது, விச்தான். அங்கே கூகுள்-குரோம், குரோமியம், குரோமியம்-பிரவுசர் என்று பெயர் மாறும், மூன்றையும் கேளுங்கள். மேக்கில் நான் ஓட்டிப் பார்த்ததில்லை.