கல்லடியில் விலைக்கு நிற்கும் எம்ஜிபி: எடுக்கலாமா?

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் ஒரு பழைய எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது கூரை திறக்கிற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், மலிவாக விலைக்கு நிற்கிறது, போய்ப் பார்த்தேன். அப்படியொரு வடிவு! ஆனால் இந்தக் காருக்குத் தனியாகச் சேசி (அடிச்சட்டம்) கிடையாது, பொடிதான் (காரின் உடல்) பாரம் முழுவதையும் தாங்குகிறது, அதனால் கதவுக்குக் கீழே ஓடுகிற 'சில்' (sill) என்கிற தகரப் பகுதியில் கறள் பிடித்தால் அது பெயின்ட் பூசி மறைக்கிற விசயமில்லை, கார் நடுவில் தொய்ந்து கதவே ஒழுங்காகப் பூட்டாது. உரிமையாளரிடம் கேட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன், அப்படியே உள்ளே போய்விட்டது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, உப்புக் காற்று சும்மா விடுமா? 1798 சிசி எஞ்சின் பயமில்லை, பெற்றோலையும் காற்றையும் கலக்கிற எஸ்யு காபரேட்டர் எல்லாம் பழைய மொரிஸ் மைனர் கார் திருத்திப் பழகிய பாஸ்மாருக்குத் (மெக்கானிக்மாருக்கு) தெரிந்ததுதான். தகர வேலைதான் காசைத் தின்னும். காரின் பதிவுப் புத்தகம் சரியென்றால் விலையைப் பாதியாக்கச் சொல்லிப் பேசுவேன், சம்மதிக்காவிட்டால் எனக்கு வேண்டாம்.