பழைய மில்லிங் மெஷின்: டரட் மில்லா, ஹரிசான்டலா?

சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்கும் மில்லிங் மெஷினைச் செகண்ட் ஹேண்டில் தேடினால் கடைசியில் இரண்டுக்குள் வந்து நிற்கும். ஒன்று, ஸ்பிண்டில் (கட்டரைச் சுழற்றும் தண்டு) நிமிர்ந்து நிற்கும் பிரிட்ஜ்போர்ட் வகை டரட் மில். மற்றது, ஸ்பிண்டில் படுத்திருக்க மேலே ஓவர் ஆர்ம் நீட்டிய ஹரிசான்டல். முதலாவதற்குப் போட்டி அதிகம், இரண்டாவதைச் சீண்ட ஆள் குறைவு. எங்கள் கட்சி: வகையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், டேபிள் நகரும் தடமான ஸ்லைடைப் பார்த்து முடிவெடுங்கள்.

முதலில் அடையாளம். பிரிட்ஜ்போர்ட் டரட் மில் 1938இல் வந்தது. ஹெட்டைத் தாங்கி முன்பின் நகரும் கையான ராம் உருண்டையாக இருந்தால் பழைய தலைமுறை, டவ்டெயில் (புறாவால் வடிவ) ராம் என்றால் பிந்தையது. ஹெட்டுக்கும் மெஷினுக்கும் தனித்தனி சீரியல் எண் உண்டு. ஹெட்டை மாற்றியிருக்கலாம் என்பதால், அதன் எண்ணை வைத்து மெஷினின் வயதைக் கணக்குப் போடக் கூடாது. ஹரிசான்டலில் பெயர்த் தகடு போயிருந்தால் பழைய பெயின்ட்டைச் சுரண்டிப் பாருங்கள், வார்ப்பிலேயே எழுத்து இருக்கலாம்.

பெயரைவிட டேப்பர், அதாவது ஸ்பிண்டில் வாயில் உள்ள சரிவான துளை, முக்கியம். தவறாகக் கணித்தால் வாங்கும் கோலெட் (கட்டரைக் கவ்வும் பிடி), ஆர்பர் (கட்டரைக் கோக்கும் தண்டு) எல்லாம் வீண். டரட் மில்லில் பெரும்பாலும் ஆர்8 என்ற டேப்பர்: கோலெட்டை மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் டிரா பாரின் மரை 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. உள்ளே இருக்கும் சிறு பின் முறிந்திருந்தால் கவலை வேண்டாம், அது இல்லாமலும் ஓட்டலாம். ஹரிசான்டலில் 30, 40, 50 எண் டேப்பர்களோ, சரிவு குறைந்த மோர்ஸ் டேப்பரோ இருக்கும். வாய் விட்டத்தை மட்டும் அளந்தால் ஏமாறுவீர்கள்: மோர்ஸ் 4 என்றால் 31.27 மி.மீ., 30 எண் என்றால் 31.75 மி.மீ. பழைய ஸ்பிண்டிலில் வாய் ஓரம் மழுங்கியிருக்கும்போது இந்த அரை மில்லிமீட்டரை நம்ப முடியாது. சரிவைப் பாருங்கள். 30 எண்ணில் 24 மி.மீ. ஆழத்துக்கு விட்டம் 7 மி.மீ. குறையும்; மோர்ஸில் 20 மி.மீ.க்கு ஏறக்குறைய 1 மி.மீ.தான். ஸ்பிண்டில் முகத்தில் டிரைவ் கீ இரண்டு இருந்தால் சந்தேகமே இல்லை, அது எண் டேப்பர்தான்.

டேபிளை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ அங்குலமா மெட்ரிக்கா? பத்துச் சுற்று சுற்றி டேபிள் நகர்ந்ததை அளந்தால் போதும். 50.8 மி.மீ. என்றால் அங்குலம், 50 என்றால் மெட்ரிக்.

இனி தேய்மானம். இரண்டிலும் டேபிள் ஸ்லைடு நடுவில்தான் அதிகம் தேயும். டேபிளை நடுவில் நிறுத்தி, ஆட்டம் இல்லாத அளவுக்கு ஜிப்பை (ஸ்லைடின் இடைவெளியை அடைக்கும் பட்டையை) இறுக்குங்கள். பிறகு இரு கோடிக்கும் ஓட்டிப் பாருங்கள். கோடியில் இறுகி நின்றால் நடு தேய்ந்துவிட்டது. பேக்லாஷிலும், அதாவது கைப்பிடியை எதிர்த்திசையில் திருப்பும்போது டேபிள் நகராத வெற்று ஆட்டத்திலும், இதே சோதனைதான்: நடுவில் 0.6, கோடியில் 0.2 மி.மீ. என்றால் தேய்ந்தது நட் மட்டுமல்ல, ஸ்க்ரூவும்தான். நட்டை இறுக்கினால் கோடியில் பிடித்துக்கொள்ளும். எங்கும் ஒரே அளவு என்றால் நட்டைச் சரிசெய்தோ மாற்றியோ மீட்கலாம்.

டரட் மில்லுக்கு மட்டும் உரிய நோய் குவில் ஆட்டம்; குவில் என்பது ஸ்பிண்டிலைத் தாங்கி மேலும் கீழும் நகரும் குழல். 100 மி.மீ. இறக்கி, பக்கவாட்டில் கையால் தள்ளி டயல் கேஜில் பாருங்கள். 0.05 மி.மீ.யைத் தாண்டினால் யோசியுங்கள். துளையை ஹோன் செய்து (உள்ளே உரசிச் சீராக்கி), குவில்லுக்குக் குரோம் ஏற்றிக் கிரைண்ட் செய்வது வீட்டுப் பட்டறை வேலை அல்ல. ஹரிசான்டலில் அதற்குப் பதில் கியர் பாக்ஸ். ஒவ்வொரு வேகத்திலும் ஸ்பிண்டிலைக் கையால் சுற்றுங்கள். சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்றால் பல் உடைந்திருக்கும். ஆர்பரும் அதைத் தாங்கும் ஓவர் ஆர்ம் சப்போர்ட்டும் கூடவே வருகின்றனவா என்று கேட்க மறக்காதீர்கள். சப்போர்ட் பின்னால் தனியாகக் கிடைப்பது பெரும்பாடு.

புதுப்பிக்கும் வேலை இரண்டிலும் ஒன்றுதான். ஸ்லைடில் உப்புத்தாளோ கம்பி பிரஷ்ஷோ வேண்டாம். மண்ணெண்ணெய் போட்டு ஊறவைத்துத் துடையுங்கள். ஆயில் பம்ப்பில் யாரோ கிரீஸ் அடித்திருப்பார்கள், கிட்டத்தட்ட நிச்சயமாக. அது இறுகி, ஆயிலை அளந்து விடும் மீட்டர் யூனிட்டுகளை அடைத்துவிடும். டேபிளைக் கழற்றி ஒவ்வொரு குழாயாகச் சுத்தம் செய்து, 68 கிரேடு ஸ்லைடுவே ஆயில் ஊற்றுங்கள். அதை விட்டுவிட்டுப் பெயின்ட் அடிப்பதில் பயனில்லை.

ஒரே மெஷினுக்குத்தான் இடம் என்றால், டிரில்லிங், போரிங் எல்லாம் செய்யும் டரட் மில் கைக்கு வசதி. ஆனால் அதன் நடு ஸ்லைடு போயிருந்து, பக்கத்திலேயே நல்ல ஹரிசான்டல் நின்றால், ஹரிசான்டலை எடுத்து வெர்டிகல் அட்டாச்மென்ட் (கட்டரை நிமிர்த்திப் பிடிக்கும் துணைத் தலை) போடுங்கள். கீ வழி, கியர் வெட்டு, ஸ்லிட்டிங் ஆகியவற்றில் டரட் மில் அதற்கு ஈடாகாது.

மின்சாரம் இரண்டுக்கும் பெரும்பாலும் திரீ ஃபேஸ்தான். வீட்டு லைனில் ஓட்ட வி.எஃப்.டி. (வீட்டு மின்சாரத்தைத் திரீ ஃபேஸாக மாற்றித் தரும் கருவி) போட்டால், ஹெட்டில் உள்ள பழைய முன்-பின் சுவிட்சை லைனிலிருந்து கழற்றிவிடுங்கள். வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் அது இருந்து, ஓடும்போது யாராவது திருப்பினால் வி.எஃப்.டி. புகைந்துபோகலாம்.