ரீலுக்குக் கை தட்டாதீர்கள்: கிளாஸ்கோவில் கேட்ட செல்டிக் கச்சேரிகள்

ஜனவரியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மாலை நான்கரைக்கெல்லாம் இருட்டிவிடும். கிறிஸ்துமஸ் விளக்குகளையும் கழற்றிய பிறகு ஊரே உம்மென்று கிடக்கும். ராயல் கான்சர்ட் ஹாலும் ஒரு காலத்தில் அந்த மாதம் முழுக்க ஆளில்லாமல் கிடந்தது. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் 1994இல் செல்டிக் கனெக்‌ஷன்ஸ் இசை விழாவைத் தொடங்கினார்கள். இன்று நகரின் பல அரங்குகளில் பிப்ரவரித் தொடக்கம் வரை நடக்கிறது. செல்டிக் மரபு வாழும் அயர்லாந்து, ஸ்காட்லாந்து, பிரான்சின் பிரித்தானி என்று ஊர் ஊராகச் சுற்றும் குழுக்களை இரண்டு வாரத்துக்குள் பஸ் தூரத்திலேயே கேட்க இதைவிட வசதி வேறு கிடையாது. ஆனால் வாங்கும் டிக்கெட் எல்லாமே காசுக்குத் தகுமா என்றால், தகாது.

நான் பார்ப்பது ஒன்றைத்தான்: மெட்டு வாசிக்கும் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகக் காதில் விழுகிறதா? இந்தச் சங்கீதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வயலின், குழல், பைப் (காற்றுப் பை வைத்த குழல் வாத்தியம்) எல்லாம் ஒரே மெட்டை ஒன்றாகவே வாசிக்கும். மெட்டும் சின்னது. எட்டு பார் (தாளச் சுற்று) கொண்ட இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் இரண்டு முறை, ஆக முப்பத்திரண்டு. அதை இரண்டு மூன்று தரம் சுற்றிவிட்டு, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். ஆலாபனை, நிரவல் என்று விரித்துக் கேட்டுப் பழகிய காதுக்கு முதல் பத்து நிமிடம் சப்பென்றுதான் இருக்கும். பிறகு பிடிபடும். ஒரே சுரத்தில் வயலின்காரர் ஒரு சுழிப்புப் போட, குழல்காரர் அதே இடத்தை விரலால் வெட்டிவிட்டுப் போவார். இரண்டும் உரசிக்கொள்ளும் அந்த நுனியில்தான் ருசி.

லூனாசா இதில் மன்னர்கள். 1997 வாக்கில் உருவான ஐரிஷ் குழு. பாடகர் கிடையாது, வாத்தியம் மட்டும்தான். ட்ரெவர் ஹட்சின்சனின் டபுள் பேஸும் கிட்டாரும் அடியில் அகலமாகப் பாய் விரித்துக் கொடுக்க, மேலே குழலும் வயலினும் பைப்பும் ஓடும். ரீல் என்னும் வேகமான நடன மெட்டின் நடுவே "ஹப்" என்று ஒரு குரல் கேட்கும். அதுதான் சைகை. அடுத்த நொடியில் ஆதார சட்ஜமே வேறிடத்துக்குப் போய்விடும், வேகம் மட்டும் இம்மியும் குறையாது. அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களின் முதுகு தானாக நிமிரும். குழல் வாசிக்கும் கெவின் கிராஃபோர்ட் மெட்டுகளுக்கு நடுவே நன்றாகவே பேசுவார், சிரிக்கவும் வைப்பார். எனக்கு அந்தப் பேச்சைக் கொஞ்சம் சுருக்கினால் தேவலை. என் கணவருக்கு அதுதான் பிடித்த பகுதி. ஏர் என்னும் மெதுவான மெட்டு தொடங்கியதும் அவர் உறங்கிவிடுவார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

பைப் என்றதும் பாவாடை கட்டிய பட்டாளத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது இலன் பைப்ஸ், உட்கார்ந்து வாசிப்பது. வாயால் ஊதுவதில்லை. வலது முழங்கையின் கீழ் ஒரு துருத்தி, இடது கையிடுக்கில் பை, தொடைமேல் நிற்கும் குழல். பக்கவாட்டில் ஒத்து போல் நிற்காமல் ஒலிக்கும் மூன்று குழல்கள். அவற்றுக்கு மேல் சாவிகள் வைத்த இன்னும் மூன்று குழல்கள் உண்டு. விரல்கள் மெட்டில் இருக்கும்போதே வலது மணிக்கட்டின் அடிப்பாகத்தால் அந்தச் சாவிகளை அழுத்தி இரண்டு மூன்று சுரங்களைச் சேர்த்து எழுப்புவார்கள். லூனாசாவின் கிலியன் வாலலி இதைச் செய்வதை அருகிலிருந்து பார்த்தால், ஒரு கையிலேயே இரண்டு ஆட்கள் வேலை செய்வது தெரியும். குழலின் அடிவாயைத் தொடையில் இருக்கும் தோல் துண்டின்மேல் பொத்துவார்கள், எடுப்பார்கள். பொத்தினால் சுரம் துண்டாக நிற்கும், எடுத்தால் வழியும். யுனெஸ்கோ 2017இல் இந்த வாத்தியக் கலையைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் சீவாளிக்கு யுனெஸ்கோ எல்லாம் தெரியாது. ஹீட்டர் போட்ட அரங்கின் வறண்ட காற்று பட்டால் முரண்டு பிடிக்கும். மழை ஊரிலிருந்து வந்த பைப்காரர்கள் மேடையில் சுருதி சேர்க்க நேரம் எடுத்தால் முகம் சுளிக்காதீர்கள்.

இதனால்தான் இடப்பக்க, வலப்பக்கக் கணக்கெல்லாம் பார்த்து டிக்கெட் வாங்குகிறேன். பைப்காரரின் வலது கை தெரியாத இருக்கை எனக்குப் பாதி இருக்கைதான்.

ஆல்டன் வேறு விதம். அயர்லாந்தின் டொனகால் மாவட்டத்துக் குழு. மரேட் நீ வீனியும் அவர் கணவர் பிராங்கி கென்னடியும் 1980களில் கட்டியது. கென்னடி 1994இல் புற்றுநோயால் மறைந்த பிறகும் குழு நிற்கவில்லை. டொனகால் வயலினில் வில் குட்டை குட்டையாக, சுரத்துக்கு ஒரு வீச்சாக வெட்டிப் போகும். தெற்கே கிளேர் பக்கத்துக்காரர்களைப் போல இழைப்பதில்லை. உருளைக்கிழங்கு அறுவடைக்கும் கூலி வேலைக்கும் டொனகால்காரர்கள் பல தலைமுறைகளாக ஸ்காட்லாந்துக்கு வந்து போனவர்கள். மெட்டுகளும் அவர்களோடு வந்து போயின. அதனால் கிளாஸ்கோவில் ஆல்டன் வாசித்தால் அரங்கில் பாதிப் பேர் சொந்த வீட்டு விசேஷத்துக்கு வந்தவர்கள் மாதிரிதான் இருப்பார்கள். மரேட் ஐரிஷ் மொழியில் பாடத் தொடங்கியபோது என் பக்கத்தில் இருந்த பாட்டியம்மா கைப்பையின் பட்டியைப் பிடித்தபடி உதட்டை மட்டும் அசைத்து ஒரு சொல் விடாமல் கூடவே பாடினார். எனக்கு அந்த மொழி தெரியாது. பாடுவதற்கு முன் மரேட் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவதால் அது ஒரு தடையாகவும் இல்லை. நல்ல இருக்கைக்கு ஏறத்தாழ முப்பது பவுண்டு கொடுத்தேன். அந்த ஒரு பாட்டுக்கே தகும்.

ஸ்காட்டிஷ் குழுக்களில் பிரேபாக்கைச் சொல்ல வேண்டும். பாவாடைப் பட்டாளம் வாயால் ஊதும் அந்த ஹைலாண்ட் பைப் இரண்டை மேடையிலேயே வைத்து வாசிக்கும் துணிச்சல்காரர்கள். அந்த வாத்தியத்துக்கு ஒன்பதே சுரங்கள். சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. ஊதத் தொடங்கினால் நடுவில் நிறுத்தவும் முடியாது, ஒரே சுரத்தை இரண்டு முறை காட்ட வேண்டுமென்றால் நடுவே ஒரு பொடிச் சுரத்தைச் செருக வேண்டும். இத்தனை முரட்டு வாத்தியத்தோடு வயலினும் கிட்டாரும் குரலும் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன என்பதைப் பார்க்கவே போகலாம். முன்வரிசை மட்டும் வேண்டாம், காது பத்திரம்.

இனி காசு வீணான கதை. பெயர் வேண்டாம். நின்றுகொண்டு கேட்கும் அரங்கு, புகை இயந்திரம், டிரம் செட், சின்தசைசர். மேடையில் இரண்டு வயலின் வில்கள் மேலும் கீழும் போவது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கு வரவில்லை. நெஞ்சில் இடித்ததெல்லாம் பேஸ் மட்டும்தான். இடைவேளையில் ஒலி அமைப்பாளரிடம் போய், "வயலினைக் கொஞ்சம் தூக்குங்களேன்" என்று கேட்டேன். இனிமையாகச் சிரித்தார். இரண்டாம் பாதியில் பேஸ் இன்னும் ஏறியது. இருபது வயதுக்காரர்கள் குதித்துக் கொண்டாடினார்கள், என் கோட்டில் பீர் கொட்டியது. புதுமை கூடாது என்று சொல்ல வரவில்லை. இன்று மரபு என்று நாம் கும்பிடும் பூசூக்கி என்னும் தந்தி வாத்தியமே 1960களில் கிரேக்கத்திலிருந்து ஐரிஷ் இசைக்குள் வந்து சேர்ந்ததுதானே! மெட்டை மூழ்கடிப்பதற்குப் புதுமை என்று பெயர் வைத்தால்தான் கோபம் வருகிறது.

அடுத்த எரிச்சல், ரசிகர்கள். வேகம் ஏறியதும் கை தட்டத் தொடங்கிவிடுகிறார்கள். ரீல் தகதிமி நடை, ஜிக் என்னும் நடன மெட்டு தகிட தகிட, இரண்டிலும் எப்படியோ ஒட்டிக்கொள்வார்கள். ஆனால் எல்லோரும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக முந்துவார்கள், பாவம் பௌரான் என்னும் கைப்பறை வாசிப்பவர் அந்தக் கூட்டத்தை இழுத்துப் பிடிக்கப் படும் பாடு! ஆட்டுத்தோல் பூட்டிய அந்தச் சட்டத்தின் உட்புறம் அவருடைய இடது கை தோலை அழுத்தி அழுத்திச் சுருதியை ஏற்றி இறக்கும் அழகெல்லாம் தட்டலில் அடித்துப் போகும். ஸ்லிப் ஜிக் வந்தால் மட்டும் விடுதலை. மூன்று தகிட சேர்ந்த ஒன்பது. எங்கே தட்டுவது என்று தெரியாமல் கைகள் ஒவ்வொன்றாக மடிக்கு இறங்கிவிடும். ஸ்லிப் ஜிக் தொடங்கும்போதெல்லாம் நான் மனத்துக்குள் நன்றி சொல்வேன்.

அரங்கு பற்றிச் சில வார்த்தை. ராயல் கான்சர்ட் ஹால் மிகப் பெரியது, பெரிய பெயர்களுக்கு வேறு வழியில்லை, மேல்மாடத்தைத் தவிருங்கள். வாத்தியக் குழுக்களுக்குச் சிட்டி ஹால்ஸ் நல்லது. அதை ஒட்டிய ஓல்டு ஃப்ரூட்மார்க்கெட் பழைய காய்கனிச் சந்தை, வார்ப்பிரும்புத் தூண்களும் மாடத்தைச் சுற்றிப் பழைய வியாபாரிகளின் பெயர்ப்பலகைகளும் அப்படியே இருக்கின்றன. பார்க்க அழகு. நின்று ஆடுபவர்களுக்கு ஏற்ற இடம், என் முழங்காலுக்கு ஏற்றதல்ல. காசே செலவழிக்காமல் கேட்க டேனி கைல் ஓப்பன் ஸ்டேஜ் இருக்கிறது, புதுக் குழுக்கள் வந்து வாசிப்பார்கள். தரம் ஏறி இறங்கும், ஆனால் ஒலிபெருக்கி அடக்கமாக இருக்கும். நள்ளிரவு தாண்டி நடக்கும் ஃபெஸ்டிவல் கிளப்பில் யார் வாசிப்பார்கள் என்று முன்னதாக அறிவிப்பதில்லை. இரவுப் பணிக்குப் பழகியவர்களுக்கு அது பெரிய கஷ்டமில்லை, மற்றவர்கள் மறுநாள் விடுப்பு எடுத்துக்கொள்வது நல்லது.

அடுத்த ஜனவரியில் லூனாசாவோ ஆல்டனோ வந்தால் சிட்டி ஹால்ஸில் முன்னிருந்து ஐந்தாறு வரிசைக்குள் வாங்கப்போகிறேன். புகை இயந்திரக் குழுவுக்கு என் அண்ணன் மகன் போகட்டும், அவனுக்கு இருபத்திரண்டு வயது.