தாளில் 75 சதவீதம், வண்டியில் 7: ஃபோர்-லிங்க் கிட் வாங்கும் முன் டேப்பை எடுங்கள்

ஜான்சன் வேலி, மோவாப் போன்ற பாறைத் தடங்களுக்காக வீட்டு கராஜில் பக்கி (பாறை ஏறும் குழாய்ச் சட்ட வண்டி) கட்டுபவர்கள் கவனத்துக்கு. ஃபோர்-லிங்க் என்பது ஆக்ஸிலைச் சேஸிஸுடன் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு குழாய்களால் (லிங்க்) பிணைக்கும் சஸ்பென்ஷன். அமெரிக்காவில் சில சிறு பட்டறைகள் “முழு ஃபோர்-லிங்க் கிட், ஜியோமெட்ரி கணக்குடன்” என்று விற்கின்றன. பின் ஆக்ஸிலுக்கென்று வந்த அப்படிப்பட்ட கிட் ஒன்றில் கணக்குத் தாள், பிராக்கெட், குழாய் மூன்றுமே சொன்னபடி இல்லை. கேட்டால் “உங்கள் வெல்டிங் கோணல்” என்று பதில். பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த வாரமே வேறு விளம்பரம் போடுவார்கள். சரக்கை அடையாளம் காணத் தெரிந்தால் போதும்.

முதலில் தாள். வண்டியின் வீல்பேஸ் 110 இன்ச், டயர் 40 இன்ச், எடை 4,000 பவுண்டு. கீழ் லிங்க் ஆக்ஸில் முனையில் தரையிலிருந்து 20 இன்ச் உயரம், 36 இன்ச் முன்னால் சேஸிஸ் முனையில் 22. மேல் லிங்க் ஆக்ஸிலில் 30, 30 இன்ச் முன்னால் சேஸிஸில் 28. தாள் காட்டிய ஆன்டி-ஸ்க்வாட் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பின்பக்கம் அமுங்குவதை லிங்க்குகள் எவ்வளவு தடுக்கின்றன என்ற அளவு) 75 சதவீதம். பாறை ஏறும் வண்டிக்கு நல்ல எண்தான். அதனால்தான் யாரும் மேலே கேள்வி கேட்பதில்லை.

கேட்க வேண்டும். பக்கவாட்டில் இருந்து பார்த்து, இரண்டு லிங்க்கின் கோடுகளையும் முன்னால் நீட்டுங்கள். இந்த அளவுகளில் அவை பின் ஆக்ஸிலுக்கு 81.8 இன்ச் முன்னால், 24.5 இன்ச் உயரத்தில் வெட்டிக்கொள்ளும். பின் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து அந்தப் புள்ளி வழியாக ஒரு கோடு போட்டால், முன் ஆக்ஸிலுக்கு நேர் மேலே அது 33 இன்ச் உயரத்தைத் தொடும். இந்த 33-ஐ ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் வருவதுதான் ஆன்டி-ஸ்க்வாட். 75 வர வேண்டுமானால் ஈர்ப்பு மையம் 44 இன்சில் இருக்க வேண்டும். தாளின் மூலையில் பொடி எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது: 44. டயரின் உச்சியே 40 இன்ச்தானே! எஞ்சினைத் தாழ்த்தி வைத்த ஒரு பக்கிக்கு ஈர்ப்பு மையம் டயருக்கு மேலே எப்படிப் போகும்? இந்த வண்டியில் அது 30 இன்ச். அப்படியானால் உண்மையான ஆன்டி-ஸ்க்வாட் 110 சதவீதம். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பின்பக்கம் எழும்பும், டயர் பிடி விட்டுக் குதிக்கும்.

ஈர்ப்பு மையத்தை ஊகித்துப் போடவே கூடாது, அளந்து போடுங்கள். ஷாக்குகளைக் கழற்றி அதே நீளத்தில் இரும்புக் குழாய் மாட்டுங்கள். கியர் நியூட்ரல், பிரேக் விடுவித்த நிலை. சமதளத்தில் முன் சக்கரங்களின் எடையைக் குறித்துக்கொண்டு, பின் சக்கரங்களை 24 இன்ச் உயர்த்தி மறுபடி எடை போடுங்கள். மேலே சொன்ன வண்டியில் மையம் 30 இன்சில் இருந்தால் முன்பக்கம் சுமார் 81 பவுண்டு கூடும். 44 இன்சில் இருந்தால் 195 பவுண்டு கூடும். 81 சின்ன எண் என்பதால் பத்துப் பதினைந்து பவுண்டு தவறும் தராசு இதற்கு ஆகாது.

பொய்த் தாளோடு நின்றிருந்தால் சரிசெய்திருக்கலாம். சேஸிஸ் முனையில் மேல் லிங்க்கை 28-லிருந்து 29.5-க்கு உயர்த்தினால் 110 என்பது 73-க்கு இறங்கிவிடும். ஒன்றரை இன்ச் விஷயம். நல்ல கிட்டில் சேஸிஸ் பிராக்கெட்டில் மூன்று நான்கு துளைகள் விட்டிருப்பது இதற்காகத்தான். இதில் ஒரே துளை.

அதைவிடப் பெரிய மோசம் ஆக்ஸில் பிராக்கெட்டில். தாளில் மேல் கீழ் லிங்க்குகளுக்கு இடையே 10 இன்ச். வந்த பிராக்கெட்டைத் துளை மையத்திலிருந்து துளை மையம் வரை அளந்தால் 6 இன்ச்தான் கிடைக்கும். பெரிய பிராக்கெட்டுக்குத் தகடு அதிகம், மேலே டிரஸ் (ஆக்ஸிலை வலுவாக்கும் சட்டம்) வேறு வேண்டும், மிச்சம் பிடித்திருக்கிறார்கள். சேஸிஸ் புள்ளிகளை அப்படியே வைத்து இந்த 6 இன்சைப் போட்டால் இரண்டு லிங்க்கும் கிட்டத்தட்ட இணைகோடாகிவிடும். ஆன்டி-ஸ்க்வாட் 7 சதவீதம்! இப்போது நேர் எதிர்: செங்குத்தான ஏற்றத்தில் பின்பக்கம் அமுங்கி, மூக்கு தூக்கி, வண்டி பின்னால் கவிழப் பார்க்கும்.

லிங்க்குகள் வாங்கும் விசையும் எகிறும். ஏற்றத்தில் முழு எடையும் பின் ஆக்ஸில் மீது விழுந்து, டயர் 4,000 பவுண்டு விசையில் தள்ளுவதாக வைத்துக்கொள்வோம். 10 இன்ச் இடைவெளியில் மேல் ஜோடிக்கு 8,000 பவுண்டு இழுவிசை, கீழ் ஜோடிக்கு 12,000 பவுண்டு அழுத்தம். 6 இன்சில் அதுவே மேலே 13,300, கீழே 17,300. இது நிதானமாக ஏறும்போது மட்டும். டயர் வழுக்கிச் சட்டென்று பிடிக்கும்போது வரும் அடி இதற்கு மேல். மேல் பிராக்கெட்டின் வெல்டு முதலில் பிய்வது இதனால்தான். ஆக்ஸில் இடைவெளிக்கு டயர் உயரத்தில் கால் பங்கு என்று அனுபவசாலி ஒருவர் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள்.

அடுத்தது குழாய். கீழ் லிங்க்குகளுக்கு “2 இன்ச், கால் இன்ச் சுவர், டிஓஎம்” என்று ரசீதில் இருந்தது. டிஓஎம் என்பது உள்ளே அச்சு வைத்து இழுத்து வலுவாக்கிய குழாய். அதன் உட்புறம் வழவழப்பாக இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால், விரல் விட்டுத் தடவினால் நீளவாக்கில் வெல்டு வரம்பு தட்டக்கூடாது. இதில் தட்டியது. ஜாயின்ட் மாட்டி வெல்டு செய்த பிறகு உள்ளே பார்க்க முடியாது என்பதால், முனை மூடாத குழாயாகவே அனுப்பச் சொல்லுங்கள். தராசும் பொய் சொல்லாது: கால் இன்ச் சுவர் உள்ள 2 இன்ச் குழாய் மூன்றடிக்கு 14 பவுண்டு. 0.188 இன்ச் சுவர் என்றால் 11 பவுண்டு. வந்தது இரண்டாவது ரகம்.

மூன்று பவுண்டில் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். கீழ் லிங்க் வெறும் இழுவைக் கம்பி அல்ல, வண்டியே அதன் மேல் உட்காரும். 36 இன்ச் லிங்க்கின் நடுவில் பாறை முட்டி 2,000 பவுண்டு இறங்கினால், கால் இன்ச் சுவரில் தகைவு சதுர இன்சுக்கு சுமார் 33,500 பவுண்டு. 0.188 சுவரில் 40,500. டிஓஎம் 70,000 வாக்கில்தான் வளையத் தொடங்கும். சாதா வெல்டு குழாய் 40,000 வாக்கிலேயே வளைந்துவிடும். அதாவது முதல் நல்ல பாறையிலேயே.

சில்லறைத் திருட்டுகளும் உண்டு. போல்ட் தலையில் ஆறு கோடு இருந்தால் கிரேடு 8, மூன்று இருந்தால் கிரேடு 5. வந்தவை மூன்று கோடு. அதுவும் தலை வரை மரை வெட்டியவை. மரை பிராக்கெட் துளைக்குள் நின்றால் துளை சீக்கிரம் முட்டை வடிவமாகிவிடும். ஒவ்வொரு லிங்க்குக்கும் ஒரு முனை இடது மரையாக இருந்தால் கழற்றாமலே திருகி நீளம் மாற்றலாம். இதில் எல்லாமே வலது மரை. மேல் லிங்க் பிராக்கெட்டுகளின் கோணமும் தவறு. மேலிருந்து பார்த்தால் இரண்டு மேல் லிங்க்குகளும் சேர்ந்து 22 டிகிரிதான் விரிகின்றன, கீழ் லிங்க்குகள் இணையாகப் போகின்றன. மேல் கீழ் இரண்டும் சேர்த்துக் குறைந்தது 40 டிகிரி இல்லாவிட்டால் ஆக்ஸில் பக்கவாட்டில் ஆடும், பின்பக்கம் தானாகத் திரும்புவது போல இருக்கும்.

பணம் கட்டும் விதத்திலும் கண்ணி இருக்கிறது. “நண்பர்கள், குடும்பம்” வகையில் பேபாலில் அனுப்பினால் 50 டாலர் தள்ளுபடி என்பார்கள். அந்த வகைக்கு வாங்குவோர் பாதுகாப்பு கிடையாது. பொருள் வாங்கும் வகையில் கட்டியிருந்தால் 180 நாளுக்குள் முறையிடலாம். அமெரிக்க கிரெடிட் கார்டு என்றால், அந்தத் தொகை வந்த முதல் பில் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் போக வேண்டும். பெட்டி வந்த அன்றே பிராக்கெட் மேல் டேப் வைத்து, தராசில் குழாய் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். டேக் வெல்டு (தற்காலிகப் பொட்டு வெல்டு) ஒன்று போட்டாலும் “நீங்கள் மாற்றிவிட்டீர்கள்” என்று திருப்பி வாங்க மறுப்பார்கள். இந்தக் கிட்டுக்கு நடந்தது அதுதான்.