பழைய ரெமிங்டன் 870-ஆ, பழைய மாஸ்பெர்க் 500-ஆ? இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தபின்

டெக்சாஸில் செப்டம்பர் பிறந்தால் புறா வேட்டைக் காலம். அலுவலக நண்பர் இரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய துப்பாக்கியைக் கடன் வாங்கி ஒரு சீசன் போய்வந்தேன். அதன் பிறகுதான் சொந்தமாக ஒன்று வாங்கும் எண்ணம் வந்தது. புதிது வேண்டாம், நல்ல பழைய பம்ப் ஷாட்கன் போதும் என்று முடிவு செய்தேன். பழைய சந்தையில் எங்கே திரும்பினாலும் கண்ணில் படுவது இரண்டு பெயர்கள்தான்: ரெமிங்டன் 870, மாஸ்பெர்க் 500. நான் வாங்கியது மாஸ்பெர்க். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதலில் ஒரு விஷயம். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதையும் வைத்திருப்பதையும் மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நான் கிரீன் கார்டு வந்த பிறகுதான் வாங்கினேன். கடையில் துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் மத்திய அரசின் 4473 படிவத்தை நிரப்பும்போது இந்தக் கேள்விகள் வரும். தெரியாமல் தப்பாகப் பதில் எழுதுவதும் பெரிய சிக்கலாகிவிடும். விசாவில் இருப்பவர்கள் நண்பர் பேச்சை நம்பாமல் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

வேலை செய்யும் விதத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நம்மூரில் 12 போர் என்போமே, அதே அளவு. இங்கே 12 கேஜ் என்கிறார்கள். முன்பிடியைப் பின்னால் இழுத்தால் காலித் தோட்டா வெளியே போகும், முன்னால் தள்ளினால் அடுத்தது ஏறும். எடையிலும் உதையிலும் சொல்லும்படியான வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

870 சந்தைக்கு வந்தது 1950-இல். அதில் விங்மாஸ்டர் என்ற வகை கண்ணைப் பறிக்கும். மெருகேற்றிய கருநீல எஃகு, வால்நட் மரக்கட்டை, எண்ணெயில் வழுக்குவதுபோல ஓடும் முன்பிடி. 1987-இல் வந்த எக்ஸ்பிரஸ் விலை குறைந்த வகை. அதன் மங்கலான மேற்பூச்சுக்கு அடிக்கடி எண்ணெய் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் துரு சீக்கிரம் பிடிக்கும் என்பது பழகியவர்கள் எல்லாரும் சொல்வது. பழையதில் 870 வாங்குவதென்றால் விங்மாஸ்டரையே தேடுங்கள். நான் அடகுக்கடையில் பார்த்தது ஒரு விங்மாஸ்டர்தான். ஒரு குறையும் சொல்ல முடியாது. கையில் எடுத்தபோது திருப்பிக் கொடுக்க மனமே வரவில்லை.

அப்படியிருந்தும் அதை விட்டுவிட்டு, ரிசீவர் (உள்பாகங்களைத் தாங்கும் நடு உடல்) ஓரமெல்லாம் கீறல் விழுந்திருந்த மாஸ்பெர்க்கை 260 டாலருக்கு வாங்கி வந்தேன். காரணம் ஒன்றே ஒன்று: தேயும் பாகத்தை நானே மாற்ற முடியுமா?

பம்ப் துப்பாக்கியில் குழல் சீக்கிரம் கெடுவதில்லை. உள்ளே இருக்கும் சின்னச் சின்னப் பாகங்கள்தான் தேயும். காலித் தோட்டாவைத் தட்டி வெளியேற்றும் எஜெக்டர் ஒன்று. தோட்டாக் குழாயிலிருந்து ஒரு நேரத்தில் ஒரே ஒரு தோட்டாவை மட்டும் விடும் இரண்டு தடுப்புத் தகடுகள் இன்னொன்று. 870-இல் எஜெக்டரை ரிசீவரின் உட்சுவரில் ரிவெட் அடித்துப் பொருத்தியிருக்கிறார்கள். தடுப்புத் தகடுகளையும் ரிசீவர் உலோகத்தையே நசுக்கி இறுக்கியிருக்கிறார்கள். அது உறுதியான வேலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் என்றைக்காவது அவற்றை மாற்ற வேண்டி வந்தால் கருவியும் கைப்பழக்கமும் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். பல வருடம் யாரோ ஒருவர் பயன்படுத்திய துப்பாக்கியில் அந்த நாள் எப்போது வரும் என்று மேலே பார்த்துச் சொல்ல முடியாது.

மாஸ்பெர்க் 500-இல் எஜெக்டரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு திருகு. விரலால் இழுத்துச் சுடும் விசையின் தொகுதியைப் பிடித்திருப்பது ஒரே ஒரு முளை. அந்த முளையைத் தட்டி எடுத்தால் தொகுதி கையோடு வந்துவிடும், பிறகு தடுப்புத் தகடுகள் இரண்டும் தாமாகவே கழன்று வரும்.

வாங்கி வந்த வாரமே இதன் அருமை தெரிந்தது. போலித் தோட்டாக்களை ஏற்றிப் பார்த்தபோது சில சமயம் இரண்டு சேர்ந்தாற்போல வந்து விழுந்தன. முன்பு வைத்திருந்தவர் எண்ணெய்மேல் எண்ணெயாக விட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அது வருடக்கணக்கில் இறுகிப் பசையாகி, தகடுகளை அசையவிடாமல் பிடித்திருந்தது. கழற்றி, கரைப்பானில் ஊறவைத்துத் தேய்த்து, மறுபடி மாட்ட அரைமணி நேரம்கூட ஆகவில்லை. 870-இலும் கழுவலாம்தான், ஆனால் தகடு ரிசீவருக்குள்ளேயே இருக்கும்போது கழுவ வேண்டும். தகடு வளைந்தோ உடைந்தோ போயிருந்தால் என் கதை வேறாக இருந்திருக்காது, புதுத் தகடு வாங்கி மாட்டியிருப்பேன். விங்மாஸ்டராக இருந்தால் மெக்கானிக் கூலியையும் காத்திருக்கும் நாட்களையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும்.

மாஸ்பெர்க்கின் ரிசீவர் அலுமினியக் கலவை, 870-இன் ரிசீவர் எஃகு. இதைச் சொல்லிப் பலர் பயமுறுத்துவார்கள். இரண்டிலுமே தோட்டாவின் பின்புறத்தை அடைக்கும் போல்ட் பூட்டிக்கொள்வது குழலின் எஃகு நீட்சியில்தான். வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குவது அதுதான், ரிசீவர் இல்லை. மாஸ்பெர்க்கின் முன்பிடி லேசாகக் கடகடவென்று ஆடும். புதிதிலேயே அப்படித்தான் இருக்கும், அதைத் தேய்மானம் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள்.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது, நான் இடதுகைப் பழக்கம். 870-இல், தவறிச் சுடாமல் விசையைப் பூட்டும் சேஃப்டி பொத்தான் விசைக்குப் பின்னால் குறுக்காக இருக்கிறது, வலதுகைக்காரர் விரலுக்கு ஏற்ற பக்கத்தில். மாஸ்பெர்க்கில் அது ரிசீவரின் உச்சியில், பெருவிரல் போய் நிற்கும் இடத்தில் இருக்கிறது; எந்தக் கைக்கும் ஒன்றுதான். ஆனால் பல 500-களில் அந்தப் பொத்தான் பிளாஸ்டிக். வாங்குமுன் பத்து முறையாவது முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். என்னுடையது இதுவரை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பார்த்தது இரண்டு புறா சீசனும் மாதம் ஒருமுறை களிமண் தட்டுச் சுடுதலும்தான். சேற்றிலும் பனியிலும் கிடந்து வாத்து வேட்டையாடுபவர்களின் அனுபவம் எனக்கில்லை, அவர்களுக்கு எஃகு ரிசீவரே சரியாகப் படலாம்.

கடையில் பார்க்க வேண்டியவை எந்தத் துப்பாக்கிக்கும் பொது. முதலில் கடைக்காரர் முன்னாலேயே திறந்து, காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பிறகு அவர் அனுமதியோடு போலித் தோட்டா போட்டு ஓட்டிப் பாருங்கள். ரெமிங்டன் குழலின் இடப்பக்கம் இருக்கும் எழுத்துகள் தயாரித்த மாதத்தையும் வருடத்தையும் சொல்லும். ஆனால் குழலை யாரும் மாற்றியிருக்கலாம், அதனால் அது ரிசீவரின் வயது ஆகாது. மாஸ்பெர்க் 1970-க்கு முந்தையதாக இருந்தால் முன்பிடியைப் போல்ட்டோடு இணைக்கும் தண்டு ஒன்றுதான் இருக்கும். இரட்டைத் தண்டு உள்ளதைத் தேடுங்கள். 1968-க்கு முந்தைய துப்பாக்கிகள் சிலவற்றில் வரிசை எண்ணே இருக்காது, அன்றைய சட்டம் அதைக் கேட்கவில்லை. அதைக் கண்டு பதற வேண்டாம். ஆனால் எண்ணை அரத்தால் அழித்த தடம் தெரிந்தால் தொடவே தொடாதீர்கள்.

வாங்கிய அன்றே பூட்டும் பெட்டியையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். 17 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு எட்டும்படி தோட்டா ஏற்றிய துப்பாக்கியை அலட்சியமாக விடுவது டெக்சாஸில் குற்றம். எங்கள் வீட்டில் எட்டு வயதுப் பையன் இருக்கிறான். பெட்டியைச் சுவரில் திருகி முடித்த பிறகுதான் துப்பாக்கியைக் காரிலிருந்து இறக்கினேன்.

வாத்துக்கும் போகிற எண்ணமிருந்தால் சோக்கையும், அதாவது ரவை சிதறாமல் இருக்கக் குழல் முனையில் வரும் குறுக்கத்தையும், பாருங்கள். 1991 முதல் நாடு முழுவதும் வாத்து வேட்டைக்கு ஈய ரவை கூடாது, பெரும்பாலும் எஃகு ரவைதான் போடுகிறார்கள். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் குழல் முனை ஃபுல் சோக்காகக் குறுகியே வரும், கழற்ற முடியாது. எஃகு ரவை ஈயம்போல நசுங்காது, அந்தக் குழலுக்கு அது ஆகாது. என்னுடையதில் சோக் கழற்றி மாட்டும் வகை. இப்போதைக்குப் புறாவுக்கு, லேசாக மட்டும் குறுகும் இம்ப்ரூவ்டு சிலிண்டர் சோக் போட்டு வைத்திருக்கிறேன்.