குமுளி பிரிண்டருக்கு டெல்நெட்டா, எஸ்என்எம்பியா?

அலுவலகம் கம்பத்தில், ஏலக்காய்க் கிடங்கு குமுளியில். அங்குள்ள பிரிண்டரில் ஓர் அமைப்பை மாற்ற மலையேற வேண்டாம். இரு இடத்து நெட்வொர்க்குகளையும் பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் இருந்தால், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் லைனே போதும். அதற்கு இரண்டு வழிகள்: டெல்நெட், எஸ்என்எம்பி.

தொலைவிலுள்ள கருவிக்குள் நுழைந்து கட்டளை கொடுக்கும் டெல்நெட் பழைய ஆள். போர்ட் 23-இல் நுழைந்து ஐபி, கேட்வே என்று ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றலாம். ஐபியை மாற்றிச் சேமித்ததும் இணைப்பு அறுந்துவிடும். பதறாமல் புது முகவரியில் மறுபடி நுழையுங்கள். ஆனால் பாஸ்வேர்டு உட்பட எல்லாமே அப்பட்டமாகத்தான் போகும். புது மாடல்கள் பலவற்றில் இந்த வசதியே இருக்காது.

நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கவும் மாற்றவும் உதவும் எஸ்என்எம்பி வேறு ரகம். யுடிபி போர்ட் 161. ஒரு கட்டளை, ஒரு பதில், அவ்வளவுதான். எழுதும் அனுமதி இருந்தால், 1.3.6.1.2.1.1.6.0 என்ற எண்ணுக்கு எஸ்என்எம்பிசெட் என்ற கட்டளையைக் கொடுத்து பிரிண்டரின் இருப்பிடக் குறிப்பை மாற்றலாம். இந்த எண்களைப் பார்த்தாலே தலை சுற்றும், சரி. ஆனால் டோனர் அளவு, அச்சான பக்கக் கணக்கு போன்றவற்றுக்கு ஆர்எஃப்சி 3805 என்ற இணையத் தர ஆவணம் பொது எண்களை வகுத்திருக்கிறது. கம்பெனி மாறினாலும் பெரும்பாலும் அதே ஸ்கிரிப்ட் ஓடும். பிரிண்டர்கள் அதிகமானால் என் ஓட்டு இதற்குத்தான்.

அப்புறம், எஸ்என்எம்பியில் பாஸ்வேர்டு போலப் பயன்படும் 'பப்ளிக்' என்ற இயல்புநிலைப் பெயரை அப்படியே விடாதீர்கள். எஸ்என்எம்பியின் 2சி பதிப்பிலும் மறைகுறியாக்கம் கிடையாது. பிரிண்டர் ஏற்றுக்கொண்டால் பதிப்பு 3-ஐப் போடுங்கள்.